சுண்ணாம்புக் கோடு

ரிஷிவந்தியம் போகும் சாலையோரத்தில் ஒரு பழைய பண்ணை வீட்டைப் பார்த்து வண்டியை நிறுத்துகிறேன். வீட்டை ஒட்டியே அரிசி மில்லைக் கட்டியிருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே சுவர். ஓட்டுக்கூரைக்கு மேலே செங்கல் புகைபோக்கி நிற்கிறது. நெல் ஊறப்போட்ட தொட்டிகளில் ஆமணக்கு முளைத்திருக்கிறது. தண்ணீர் தேங்காதபடி நடுவில் உயர்த்திக் கட்டிய களத்தில் மக்காச்சோளம் காய்கிறது. கல்வராயன் மலைப்பக்கம் வானம் கறுத்துவிட்டது.

பழைய கட்டடங்களைப் படமெடுப்பது என் வேலை. கூரையின் மர உத்தரங்களைப் படமெடுக்க மில்லுக்குள் கால் வைக்கிறேன்.

"உள்ள போவாதீங்க சார்!" களத்தில் சோளத்தைக் குவித்துக்கொண்டிருக்கும் பெண் கத்துகிறாள். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவள். "செவுத்தப் பாருங்க."

சுவரில் ஆள் உயரத்துக்கு விரிசல். அதன் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்திருக்கிறார்கள். கோடு நடுவில் அறுந்திருக்கிறது.

"கோடு முழுசா இருந்தாதான் உள்ள போவோம். வுட்டுப்போச்சின்னா செவுரு நவுந்துகினு இருக்குதுன்னு அர்த்தம். நேத்துகூட நல்லாத்தான் இருந்துச்சி."

களத்தில் தூறல் விழுகிறது.

"சோளம் நனைஞ்சா?" என்கிறேன்.

"மொளச்சிரும். எடுத்துக்கினு போயி எங்க வெக்கறது சார்? இந்த மில்ல வுட்டா வேற எடமில்ல."

அவள் வானத்தைப் பார்க்கிறாள். கோட்டைப் பார்க்கிறாள். இடுப்பிலிருந்து வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்து, அறுந்த இடத்தின் மேலேயே விரலால் புதுக்கோடு இழுக்கிறாள்.

பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறாள்.

"அந்தக் கூடைய எடுத்துக்கினு வாங்க சார், சீக்கிரம்!"

தூக்குகிறேன். வாசலைத் தாண்டும்போது, கோட்டில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.