எட்டு சிலிண்டரும் இரண்டு காதும்

எங்கள் ஷெட்டில் ஓடிய எஞ்சினுக்குக் கார் கிடையாது. இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்தபடி நாளெல்லாம் உறுமும். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் நாங்கள் செய்வது வெளிநாட்டுப் பெரிய கார்களுக்கான சைலென்சர். ஒவ்வொரு மாதிரியையும் அந்த எட்டு சிலிண்டர் எஞ்சினில் மாட்டி ஓடவிட்டுக் கேட்பது என் வேலை. ஆரம்பாக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய், காதை வைத்துச் சம்பாதித்தேன்.

பெரிய வண்டிக்கு மட்டும் அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று ஊரில் கேட்பார்கள். பெட்ரோல் நிறையக் குடிப்பதால் என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொள்வார்கள். அதெல்லாம் இல்லை. பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர். மொத்தமாகப் பார்த்தால் சீராகத்தான் வெடிக்கும். ஆனால் ஒரு பக்கத்துக் குழாயில் மட்டும் கேட்டால், இரண்டு வெடிப்பு அடுத்தடுத்து வரும், பிறகு ஓர் இடைவெளி. அந்த நொண்டித் தாளம்தான் உறுமல். இரண்டு குழாயையும் நடுவில் இணைத்தால் நொண்டல் குறைந்துவிடும். சைலென்சரின் வேலை சத்தத்தைக் கொல்வதல்ல. கீச்சுச் சத்தத்தை அடைத்து, அடித்தொண்டை உறுமலை விட்டுவைப்பது. பணக்காரன் அதற்குத்தான் காசு கொடுக்கிறான்.

காதடைப்பான் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் கீச்சு கேட்காது, கேட்காமல் விட்டால் திட்டு. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். உனக்கு நல்ல காதுய்யா என்று சூப்பர்வைசர் தட்டிக்கொடுத்தார். நானும் முட்டாள்போலப் பூரித்துப்போனேன்.

வருடத்துக்கு ஒருமுறை காது சோதனை வண்டி வரும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சோதிப்பவர் மெஷினோடு இருப்பார்; இந்தப் பக்கம் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து, ஒலி கேட்கும்போது பொத்தானை அமுக்க வேண்டும். என்னைப் போன்ற காண்டிராக்ட் ஆள் ஃபெயிலானால் அடுத்த திங்கட்கிழமை கேட்டைத் தாண்ட முடியாது. பக்கத்து மெஷின்காரர் வழி சொல்லிக்கொடுத்தார்.

"அந்தாளு மூக்குக் கண்ணாடியவே பாத்துக்கினு இரு. சவுண்டு உடும்போது மெஷின்ல பச்சை லைட்டு எரியும், அது அவர் கண்ணாடில தெரியும். எல்லாத்துக்கும் அமுக்காத, ஒண்ணு ரெண்ட உட்டுடு."

முதல் வருடம் அது தேவைப்படவில்லை. பிறகு தேவைப்பட்டது. நான்கு வருடமும் பாஸ்.

வீட்டில்தான் ஃபெயிலானேன். மகள் மூன்று முறை கூப்பிட்டும் திரும்பவில்லை என்று மனைவி சண்டைக்கு வந்தாள். உறுமல் இன்றைக்கும் துல்லியமாகக் கேட்கிறது. மெல்லிய குரல்தான் போய்விட்டது. மகளுக்கு ஏழு வயது. இப்போது என் முன்னால் வந்து நின்று, முகத்தை நிமிர்த்திப் பேசுகிறாள். அவள் சொல்வதில் பாதிக்கு மேல் எனக்குப் புரிவதில்லை. தலையாட்டிவைக்கிறேன்.

நரம்பு செத்துவிட்டது, திரும்ப வராது என்று அரசு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதுபோல, அந்தச் சீட்டோடு ஆபீஸுக்குப் போய் பேக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். அதிகாரி என் ஃபைலை எடுத்து விரித்தார். நான்கு தாளிலும் நார்மல்.

"சீட்டு உண்மைன்னா நாளைலேர்ந்து வர வேணாம். ஃபைல் உண்மைன்னா எஞ்சினுக்குப் போங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எஞ்சினுக்குப் போனேன். கீச்சைக் கண்டுபிடிக்க அங்கே இப்போது மைக் வைத்திருக்கிறார்கள். நான் சைலென்சரை மாட்டிக் கழற்றுகிறேன், அவ்வளவுதான். ஒரு மைக் செய்கிற வேலைக்கா காதைக் கொடுத்தேன்?

போன மாதம் மறுபடியும் காது சோதனை வண்டி வந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டால் போதும், உண்மை தாளில் ஏறிவிடும். மூடினேன். காதுக்குள் ஒரு கீச்சும் கேட்கவில்லை. ஜூனில் மகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும், ஃபீஸ் கட்ட வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. கண்ணைத் திறந்தேன். சோதிப்பவருடைய மூக்குக் கண்ணாடியில் பச்சை எரிந்தது. அமுக்கினேன்.