ருமியானாவின் நிரலும் க்ரூமின் அரைகுறையும்

கோபம் வந்தால் ருமியானா முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பாள். அதன்பிறகுதான் வாயைத் திறப்பாள். லோவெச் நகருக்கு வெளியே இருந்த எங்கள் பால் கூட்டுறவில், கண்ணாடி மேசைக்கு வந்துவிட்டால் மேலாளர் முதல் கடைநிலை ஊழியர் வரை ஏதாவது வேலை சொல்லிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். என் பரிசோதனைக் கூடம் அவள் அறையை ஒட்டி இருந்ததால் எனக்கு மட்டும் தப்ப வழியில்லை.

தலைநகர் சோஃபியாவில் கணிதம் படித்து, அங்கே ஒரு கணினி ஆய்வு நிலையத்தில் இருந்தவள் அவள். கம்யூனிஸ்ட் ஆட்சி போனதும் நிலையத்தை இழுத்து மூடினார்கள். கூட இருந்தவர்கள் ஜெர்மனி, கனடா என்று பறந்தார்கள். "எவன் ஊருக்கோ போய் எவன் பண்ணின தப்பையோ நான் திருத்தணுமா?" என்று இவள் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

மலைக் கிராமங்களிலிருந்து பால் கொண்டுவரும் லாரிகளுக்காக அவள் ஒரு கணினி நிரல் எழுதினாள். எந்தக் கொட்டகைப் பால், கொழுப்பு எவ்வளவு, கால்நடை மருத்துவரின் சான்றிதழ் உண்டா, எல்லாம் அதற்குத் தெரியவேண்டும். ஒன்று குறைந்தாலும் ஏற்காது. வேண்டுமென்றே தப்புத் தப்பாகத் தட்டிப் பார்த்தேன். ஒரு பொய்கூட உள்ளே போகவில்லை. அவ்வளவு அழகான வேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கோடையில் அதை ஓடவிட்டார்கள். ஜூலை வெயிலில் அசென் என்ற ஓட்டுநரின் லாரி வாசலில் நின்றது. மருத்துவர் கல்யாணத்துக்குப் போயிருந்ததால் ஒரு கொட்டகைக்குச் சான்றிதழ் வரவில்லை. எடை மேடைக்கு அனுமதி கிடைக்கவில்லை.

"கதவத் திற அக்கா, பாலு திரியுது!"

"சான்றிதழ் இல்ல. புரோகிராம் விடாது."

"எழுதினது நீதானே? விடச் சொல்லு!"

"நான் சொன்னாலும் விடாது. அப்படித்தான் எழுதியிருக்கேன்."

அதைப் பெருமையாகவே சொன்னாள். அசென் லாரியைத் திருப்பி அவள் சன்னலுக்கு நேரே நிறுத்தி, குழாயைத் திறந்துவிட்டான். புளித்த பால் முற்றமெல்லாம் ஓடியது. அந்த நாற்றம் போகவே வெகுநாளாயிற்று.

கணக்குப் பிரிவில் க்ரூம் என்று ஒருவன் சம்பளக் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சூரியகாந்தி விதையை மென்று விசைப்பலகையிலேயே தோலைத் துப்புகிறவன். சில நாளில் அவன் வேறொரு நிரலோடு வந்தான். ஒரே திரை, கொஞ்சம் கட்டங்கள். எதை வேண்டுமானாலும் காலியாக விடலாம். கீழே குறிப்பு எழுத ஓர் இடம். லாரிகள் அன்றைக்கே உள்ளே வந்தன.

ருமியானா கண்ணாடியைக் கழற்றினாள். "இதுக்குப் பேரு புரோகிராமா? கொழுப்பு எவ்வளவுன்னு கேட்ட இடத்துல 'மாமா சொல்வார்'னு அடிச்சாலும் வாங்கிக்குது!"

"வாங்கிக்கும்க்கா. லாரி உள்ள வந்துரும். மாமா அப்புறமா சொல்வார்."

மேலாளர் போழானா நடுவில் புகுந்தாள். "ருமியானா, உன்னுது தயாராகற வரைக்கும் இது ஓடட்டுமே."

"என்னுது தயார்! உங்க கூட்டுறவுதான் தயாராகல!"

ருமியானா காத்திருந்தது இலையுதிர்காலத்தில் நடந்தது. ஒரு தொட்டித் தயிர் உறையவே இல்லை. நான்தான் காரணத்தைக் கண்டுபிடித்தேன். ஒரே கிராமத்தில் மாரின் கோலெவ் என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவரின் மாடுகளுக்கு மருந்து ஊசி போட்டிருந்ததால், அது கலந்தால் தயிர் உறையாது என்று அந்தப் பாலை நிறுத்திவைத்திருந்தோம். க்ரூமின் நிரலுக்குப் பெயர் மட்டும்தான் தெரியும். அது நல்ல பாலை நிறுத்திவிட்டு மருந்துப் பாலை உள்ளே அனுப்பியிருந்தது.

"நான் சொன்னேனா இல்லையா?" என்று ருமியானா கூடத்துக்குள் பாய்ந்து வந்தாள். இனி தன் நிரல்தான் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. ஆனால் க்ரூம் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து பட்டப்பெயருக்கென்று ஒரு கட்டம் சேர்த்தான். ஒருவர் நெட்டை கோலெவ், இன்னொருவர் செவிட்டு கோலெவ். சாப்பாட்டு வேளைக்குள் வேலை முடிந்தது. சபாஷ் என்று யாரோ கைதட்டினார்கள்.

"ஒரு தொட்டித் தயிரக் கொட்டிட்டுக் கைதட்டறீங்களா? வெக்கமா இல்ல? என்னுதுல இது நடந்தே இருக்காது!"

"நடந்திருக்காதுதான்," என்றாள் போழானா. "ஆனா உன்னுதுல ஒரு கட்டம் சேர்க்கணும்னா உன்னத் தவிர யாருக்குத் தெரியும்? நீ பல்லுப் பிடுங்கப் போன அன்னைக்கு நாங்க அத்தன பேரும் கையக் கட்டிட்டு உக்காந்திருந்தோம்."

 ருமியானா கதவை அறைந்த வேகத்தில் என் சோதனைக் குழாய்கள் ஆடின.

பக்கத்துக் கூட்டுறவுகள் க்ரூமின் நிரலை ஃபிளாப்பித் தட்டில் பதிந்து வாங்கிப் போயின. ஒவ்வொருவரும் அவரவர் தேவைக்கு ஒரு கட்டம் ஒட்டினார்கள். நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது வந்த சட்டங்கள் கேட்டவை அத்தனையும் ருமியானாவின் நிரலில் ஏற்கெனவே இருந்தன. யாரும் அதை எடுக்கவில்லை. க்ரூமினுடையதில் இன்னும் சில ஒட்டுப் போட்டார்கள்.

பிறகு க்ரூம் பிழைப்புக்காக ஸ்பெயினுக்குப் போய்விட்டான். அவன் குப்பை ருமியானாவின் தலையில் விழுந்தது. ஒவ்வொரு வரியையும் திட்டிக்கொண்டே திருத்தினாள். நிரலில் எண்களைப் போட்டுவைக்கும் இடங்களுக்கெல்லாம் அவன் பழைய காதலிகளின் பெயர் வைத்திருந்தான். "கொழுப்பக் கூட்டி ஸ்னெழானால வெச்சிருக்கான், நாசமாப் போறவன்!" என்று சுவருக்கு அப்பாலிருந்து கேட்கும்.

"இதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதிடேன்," என்றேன் ஒருமுறை.

"எழுதினா நான் சரியாத்தான் எழுதுவேன். சரியா எழுதினா ஒருத்தனும் வெச்சுக்க மாட்டான். போடி, வேலையப் பாரு."

அவள் ஓய்வு பெற்ற அன்று கேக் வாங்கியிருந்தார்கள். புதிய மேலாளர் எழுந்து, இத்தனை ஆண்டுகளாக எங்களைத் தாங்கி நிற்கும் நிரலை எழுதியவர் என்று அவளைப் புகழ்ந்தார்.

"அது என்னுது இல்ல!" ருமியானா கத்திய கத்தலில் கேக் வெட்டிக்கொண்டிருந்த பெண் கத்தியைக் கீழே போட்டாள். "என்னுத நீங்க யாரும் பாக்கவே இல்ல!"

தன் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு, கேக்கைத் தொடாமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.