சுருதி ஏறும் பெட்டி

மிளகு அளவுதான் இருக்கும். கறுப்பாக, இரண்டு மெல்லிய கம்பிக் கால்களோடு. தெர்மிஸ்டர் என்று பெயர். சூடு மாறினால் தன் மின்தடையை மாற்றிக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் கருவிப் பிரிவில் நான் வேலை பார்த்த காலமெல்லாம் எண்ணெய்த் தொட்டிகளின் சூட்டை அதைக் கொண்டு அளந்தோம். அப்படி ஒன்றை என் மச்சானுடைய சிந்தசைசர் என்ற மின்னிசைப் பெட்டிக்குள் பசை போட்டு ஒட்டினேன். முப்பது வருஷத்துக்கு மேல் அதை வைத்து எங்களுக்குள் சண்டை ஓயவில்லை.

மச்சான் என் மனைவியின் அண்ணன். ராயபுரத்துக்காரர். பகலில் விசைப்படகு இன்ஜின்களைப் பிரித்து மாட்டுவார். மற்ற நேரத்தில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. ஆடி மாதம் அம்மன் கோயில் மேடை, தையில் கல்யாண மேடை, எல்லா மாதமும் சாவு வீடு. கப்பலில் வந்து இறங்கிய பழைய சாமான்களுக்கு நடுவே அந்த ஜப்பான் சிந்தசைசரை அவர் கண்டெடுத்தார். முப்பத்தேழு கட்டைகள். கம்ப்யூட்டர் சில்லு எதுவும் இல்லாத பழைய ரகம், ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். ஆனால் அந்த ஒரு சுரம் தொண்டையிலிருந்து வருவது போல வரும்.

அதில் ஒரு கோளாறு. ஆறியிருக்கும்போது சுருதி சரியாக இருக்கும். மேடை விளக்கும் நம் ஊர்ப் புழுக்கமும் சேர்ந்து உள்ளே சூடேறினால், சுருதி கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய்விடும். கல்யாண மேடையில் ஆர்மோனியம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் அதை லுங்கியில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு திருவொற்றியூரில் என் வீட்டுக்கு வந்தார். "மாப்ள, பொட்டிக்கு ஜொரம் வர்து. நீ படிச்சவன், இன்னான்னு பாரு."

பார்த்தேன். சுரத்தை உண்டாக்கும் டிரான்சிஸ்டரின் முதுகில் தெர்மிஸ்டரை ஒட்டி, சூடு எவ்வளவு ஏற்றுகிறதோ அவ்வளவை அது இறக்கும்படி செய்தேன். எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் பெட்டியை வைத்துச் சோதித்தேன். இம்மி அசையவில்லை. வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்; அன்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

அடுத்த வாரம் புளியந்தோப்பில் ஒரு சாவு. நானும் போயிருந்தேன். எங்கள் பக்கத்தில் பிணத்தை எடுக்கும் வரை கானா நிற்கக் கூடாது. மச்சானோடு எப்போதும் பாடுகிறவரை எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தணிந்த குரலில் தொடங்குவார். ஒவ்வொரு சொந்தக்காரக் கூட்டமும் வாசலிலேயே கதறிக்கொண்டு வரும். அந்தக் கதறலுக்கு மேலே பாட்டு கேட்க வேண்டும் என்பதால் அவர் குரலும் அவரை அறியாமலே ஏறும். தூக்கும் நேரத்தில் தொடங்கிய இடத்திலிருந்து முழுசாக ஒரு சுரம் மேலே நிற்பார். தாளம் போடுகிறவனுக்கு இதில் சிரமம் இல்லை. காய்ச்சல் பிடித்த பெட்டியும் இத்தனை நாள் அவரோடு கூடவே ஏறியிருக்கிறது. அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை, மச்சானுக்கும்கூட. நான் குணப்படுத்திய பெட்டி அன்று தொடங்கிய இடத்திலேயே நின்றது. வாத்தியார் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா, பொட்டிக்கும் உயிர் பூட்ச்சா?"

அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். மறுநாள் காலை மச்சான் என் வாசலில் நின்றார். "அந்தக் கல்ல கயட்டு மாப்ள." அவருக்கு அது கல்தான். "கழட்டிட்டா கல்யாண மேடையில என்ன பண்ணுவீங்க மச்சான்?" என்றேன். குடும்பம் ஓடியது கல்யாணங்களால்தான். கடைசியில் ஒரு சமரசம். மீன்பெட்டிப் பலகை ஒன்றை அறுத்து, சைக்கிள் பிரேக் கம்பியால் பெட்டியின் சுருதியோடு இணைத்த ஒரு ரேடியோ குமிழில் கட்டி, பெட்டிக்கு அடியில் தொங்கவிட்டோம். பலகையை முட்டியால் தள்ளினால் சுருதி ஏறும். வாத்தியார் ஏற ஏற இவர் முட்டியும் நகரும். "கல்யாணத்துக்கு மாப்ளயோட கல்லு, சாவுக்கு என் முட்டி" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதைச் சொல்லாமல் என்னை அவர் யாருக்கும் அறிமுகப்படுத்தியதே இல்லை. எனக்கு எரிச்சலாக வரும்.

போன மழைக்காலத்தில் அவர் படுக்கையில் விழுந்தார். பார்க்கப் போனபோது மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: "எனக்கு வாத்தியாருதான் பாடணும். எம் பொண்ணு வாசிக்கட்டும். அவுளுக்கு முட்டி பயக்கம் இல்ல. அன்னிக்கு நீ கல்ல கயட்டிடு, பொட்டி தானா ஏறட்டும். சுருதி பிரிஞ்சி நான் போவக் கூடாது மாப்ள." சரி என்றேன். சொன்ன பிறகுதான் கவலை பிடித்துக்கொண்டது. எனக்கு எழுபத்து நான்கு வயது. ஒரு கண்ணில் புரை. கை நடுக்கம் காரணமாக டீயைப் பாதி டம்ளர்தான் ஊற்றச் சொல்கிறேன். பெட்டிக்குள் இருக்கும் அந்தப் பழைய சர்க்யூட் பலகையில் செம்புத் தடம் ஒன்று பெயர்ந்தால் போதும், பெட்டி ஊமை. மாற்றுப் பெட்டியும் கிடையாது.

ஒரு விடியற்காலையில் போய்விட்டார். ஈயம் பற்றவைக்கும் கோலைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். கூடத்தில் அவர் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். பக்கத்து வீட்டில் ஒரு மேஜை காலி செய்து கொடுத்தார்கள். பதினொரு திருகாணிகள், அவற்றில் இரண்டு நான் போட்டவை அல்ல, படகு இன்ஜினுடையவை. கோலை ஈயத்தின்மேல் வைக்கப் போனால் முனை அங்குமிங்கும் ஆடியது. மூன்று முறை வைத்து மூன்று முறையும் எடுத்துவிட்டேன். மச்சானின் மகள் அழுது வீங்கிய முகத்தோடு வந்து என் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா மாமா. அவசரம் ஒண்ணும் இல்ல, அப்பா எங்கயும் போவல."

கல் கழன்றது. அதன் இடத்தில் சாதாரண மின்தடை ஒன்றைப் பற்றவைத்தோம். பெட்டி பேசியது. வெளியே பந்தலில் கொண்டுபோய் வைத்ததும், அதன்மேல் வீசிக்கொண்டிருந்த மேஜை விசிறியை ஆளில்லாத பக்கம் திருப்பி வைத்தேன், பெட்டி ஆறிவிட்டால் சுருதி ஏறாதே. "யோவ், இங்க உசுரோட கீறவங்களுக்கே காத்து இல்ல, இவுரு பொட்டிக்கு வேக்காடு வைக்கிறாரு" என்று ஒரு கிழவி திட்டினாள்.

வாத்தியாரை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். நான் அவரைப் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது. உட்கார்ந்து, கண்ணாடிப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தொடங்கினார். சுருதி சேர்ந்தது. சொந்தக்காரர்கள் கதறிக்கொண்டு வந்தார்கள். பெட்டி சூடாகி, நான் செய்து வைத்தபடியே ஏறத் தொடங்கியது.

வாத்தியார் ஏறவில்லை. மூச்சு பற்றாமல் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தார்.

குரலுக்கும் பெட்டிக்கும் நடுவே இடைவெளி விழுந்ததும் அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முட்டிப் பலகையைத் தொட்டாள். அதுவும் ஏற்றத்தான் செய்யும், இறக்காது. அவள் கட்டைகளை வலது கைக்கு விட்டுவிட்டு, இடது கையால் பெட்டியின் ஓரத்தில் இருந்த சுருதிக் குமிழைப் பிடித்தாள். பெட்டி ஏற ஏற அதை இறக்கி, அதற்கும் கீழே அவர் நிற்கும் இடம்வரை இறக்கி, மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே வாசித்தாள். வாத்தியார் கவனித்துவிட்டார். இரண்டு அடிகளுக்கு நடுவில், "அங்கியே இரு கண்ணு, நான் வந்துகினே கீறேன்" என்றார். பாடையைத் தூக்கி மூலக்கொத்தளம் சுடுகாட்டுப் பக்கம் திரும்பும் வரை இருவரும் பிரியவில்லை. கூட்டத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது.

போன வாரம் அவள் போன் செய்தாள். "மாமா, வாத்தியாரு இன்னும் பாடப் போய்கினுதான் கீறாரு. ஒரு கை குமிழுக்கே போயிடுது. முட்டிப் பலகைய எறங்குற மாதிரி மாத்திக் குடேன்." கண் சரியில்லை, ரயில்நிலையப் படி ஏற முடியவில்லை என்று வழக்கம்போல அலுத்துக்கொண்டேன். போனை வைத்த பிறகு ஒரு தாளில் படம் போட்டுப் பார்த்தேன். பலகையோடு கட்டிய குமிழின் பின்னால் இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் போட்டால் போதும், கால் மணி நேர வேலை. அன்றே செய்திருந்தால் கல்லே வேண்டியிருக்காது; கல்யாணத்தில் முட்டியால் இறக்கி, சாவில் பெட்டியைத் தானாக ஏற விட்டிருக்கலாம். முப்பது வருஷமாக முட்டியையும் கல்லையும் வைத்துச் சண்டை போட்ட எங்கள் இருவருக்கும் ஒரு நாள்கூட அது தோன்றவில்லை.