பதினோராவது சீட்டு

"கைத்திறமையே தேவையில்லை, சொன்னபடி அடுக்கிக்கொண்டே போனால் தானாக நடக்கும்" என்று சொல்லித்தான் அந்தச் சீட்டு வித்தையைக் கணக்கு சிஸ்டரின் தலையில் கட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு பதினாறு நாள் ஓடிவிட்டது. ஊருக்கெல்லாம் தானாக நடக்கிற வித்தை, அவள் கையில் வந்தால் மட்டும் நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

அவளுக்கு வயது ஐம்பத்தாறு. அதில் முப்பத்தொரு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் போனது. கத்தி எடுத்துக் கொடுப்பது பாதி வேலை, எண்ணுவது மீதி. வயிற்றைத் திறப்பதற்கு முன்னால் பஞ்சுத்துணி எத்தனை, ஊசி எத்தனை, கத்தரிக்கோல் எத்தனை என்று எண்ண வேண்டும். மூடுவதற்கு முன்னால் மறுபடியும் எண்ண வேண்டும். அதுவும் மனதுக்குள் இல்லை. வாய்விட்டு, இன்னொருத்தி கூடவே சொல்ல, இரண்டு பேருக்கும் கேட்கும்படி எண்ண வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைத் திட்டித் திட்டி மண்டையில் ஏற்றியிருந்தார்கள்.

ஒருமுறை பெரிய டாக்டர் தையல் போடப் போகும்போது, "துணி ஒண்ணு குறையுது" என்றாள். அவர் கத்தினார். அவள் நகரவில்லை. "இன்னொரு தடவை பாருங்க" என்று அதே குரலில் சொன்னாள். பார்த்தார், உள்ளேயே இருந்தது. அன்றிலிருந்துதான் 'கணக்கு சிஸ்டர்' என்ற பெயர். சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டில் பார்த்தால்தான் உண்டு.

பிறகு முழங்கால் காலை வாரியது. ஆறு மணி நேரம் நிற்க முடியாத சிஸ்டரைத் தியேட்டரில் வைத்துக்கொள்ள முடியாது என்று குழந்தைகள் வார்டில் கட்டுப் போடும் வேலைக்கு மாற்றினார்கள். உட்கார்ந்து செய்யலாமே, வசதிதானே என்றார்கள். வசதிதான். ஆனால் ஒரு விஷயத்தை யாரும் யோசிக்கவில்லை. அத்தனை வருஷமும் அவளிடம் வந்த நோயாளிகள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். விழித்திருக்கிற ஆளிடம் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியாது. அதிலும் விழித்திருக்கிற குழந்தை! அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்தாலே பன்னிரண்டு கட்டிலும் ஒரே ராகத்தில் அழ ஆரம்பித்தன.

ஒரே மாதத்தில் மூன்று பெற்றோர் புகார் கொடுத்துவிட்டார்கள். மேட்ரன் கூப்பிட்டுப் பேசினாள். மேட்ரன் அவளைவிடப் பத்து வயது சின்னவள், நல்லவள்தான்.

"மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம் சிஸ்டர். சரிப்படலேன்னா துணி ஸ்டோருக்குப் போயிடுங்க. படுக்கை விரிப்பு எண்ணுற வேலைதான். உங்களுக்கு அது கைவந்த கலையாச்சே."

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், ஆனாலும் சுருக்கென்று குத்தியது. வேலை முடிய இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அந்த இரண்டு வருஷத்தையும் ஜன்னல் இல்லாத அறையில் விரிப்புகளோடு கழித்துவிட்டு வீட்டுக்குப் போவதா? கடைசி நாள்வரை ஒரு மனுஷ உடம்பைத் தொட்டு வேலை பார்க்க வேண்டும். இந்த ஒன்றைத் தவிர அவள் அந்த ஆஸ்பத்திரியில் எதையும் கேட்டதில்லை.

சீட்டு யோசனை சொன்னது வார்டின் சின்ன டாக்டர். இருபத்தோரு சீட்டை மூன்று வரிசையாகப் போட வேண்டும், வரிசைக்கு ஏழு. எதிராளி மனதில் ஒரு சீட்டை நினைத்துக்கொண்டு அது எந்த வரிசையில் இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த வரிசையை மற்ற இரண்டுக்கும் நடுவே வைத்து அடுக்கி, மறுபடி போட வேண்டும். இப்படி மூன்று முறை. அப்புறம் மேலிருந்து எண்ணினால் பதினோராவது சீட்டுதான் அவர் நினைத்தது. "வேற ஒண்ணுமே இல்ல சிஸ்டர், எண்ணணும், அவ்வளவுதான். உங்களுக்குச் சொல்லணுமா?" என்று சிரித்தான் அவன். படுபாவி, எண்ணுவதுதான் வினையாகப் போகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் சோதனை எலியாக வாய்த்தவர் அவளுடைய கணவர். லேத் பட்டறையில் காலை ஷிப்ட் முடித்து வந்து, காலை நீட்டி உட்காரலாம் என்று பார்த்தால், எதிரே சீட்டைப் பரப்பிக்கொண்டு மனைவி.

முதல் நான்கு நாள் சீட்டு வரவே இல்லை. அவர் டைமண்ட் ஐந்தை நினைத்தால் இஸ்பேடு ராஜா வந்தான். இஸ்பேடு ராஜாவை நினைத்தால் யாரோ வந்தார்கள். தப்பு எங்கே என்று கண்டுபிடித்தவரும் அவர்தான்.

"நடுவுல வைக்கணும்னு சொன்னியே, நீ அடியில இல்ல வைக்கிற?"

"நான் எங்க அடியில வச்சேன்?"

"வச்சியே. இப்பக்கூட."

பார்த்தாள். வைத்துத்தான் இருந்தாள். அவர் விரலால் தொட்டு "இந்த வரிசை" என்று காட்டிய சீட்டுகளை அவள் கை தானாக ஒதுக்கி எல்லாவற்றுக்கும் அடியில் தள்ளியிருந்தது. வெளியாள் கை பட்டதைப் படாததோடு சேர்க்கக் கூடாது என்று முப்பத்தொரு வருஷம் பழகிய கை. நடுவே வை என்றால் எப்படி வைக்கும்?

"என் கை என்ன அவ்வளவு அழுக்கா?" என்றார் அவர்.

"கோவிச்சுக்காதீங்க. தொடாம வாயால சொல்லுங்க, போதும்."

தொடாமல் சொன்னார். சீட்டு வந்தது. ஹார்ட்டின் எட்டு! அவள் குழந்தை மாதிரி கையைத் தட்டினாள். கணவர் மட்டும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"பதினோராவது சீட்டா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீதானே எண்ணுன. பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும்."

அவள் நம்பவில்லை. அவர் மறுபடி செய்யச் சொன்னார். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று அவள் வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போனது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலக் கணீரென்று. பதினொன்றில் கணவரும் கூடச் சேர்ந்து சொன்னார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை வித்தை என்று சொல்ல முடியாது, போராட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். ஏழுக்குப் பிறகு எட்டா ஒன்பதா என்று குழம்பிப்போய்த் தப்பான சீட்டை எடுத்தாள். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி எண்ணினாள். பாட்டுக்கு நடுவே 'ஆறு' என்று வந்தது. வாயில் தண்ணீரை அடக்கிக்கொண்டு எண்ணிப் பார்த்தாள். ஐந்தாவது சீட்டில் தண்ணீர் கணவரின் சட்டையில் இருந்தது. வாய்விட்டு எண்ணினால் சரியான சீட்டு வந்தது, ரகசியம் போனது. வாயை மூடினால் ரகசியம் இருந்தது, சீட்டு போனது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் இது என்ன தானாக நடக்கிற வித்தை?

"அம்மா தாயே, நினைக்கிறதுக்கு எனக்குச் சீட்டே மிச்சமில்ல" என்று கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். "விட்டுடேன். ஸ்டோர்ல ஃபேன் இருக்குமில்ல?"

அவள் சீட்டுகளை அப்படியே போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அன்றைக்குப் பாத்திரங்கள் கொஞ்சம் பலமாகவே கழுவப்பட்டன. ஃபேனாம் ஃபேன்! கூடவே இருக்கிற மனுஷனுக்கே புரியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, இனித் தள்ளிப்போட முடியாது என்று சீட்டோடு வார்டுக்குப் போனாள். வாய் அசைவது தெரியாமல் இருக்க முகத்தில் மாஸ்க். மூன்றாம் கட்டிலில் எட்டு வயதுப் பெண் குழந்தை. வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து முழங்காலுக்குக் கீழே வெந்துபோயிருந்தது. வார்டிலேயே அதிகம் கத்துவது அவள்தான். புகார் கொடுத்த மூவரில் அவள் அம்மாவும் ஒருத்தி.

சீட்டைப் பார்த்ததும் குழந்தை அழுகையை நிறுத்தினாள். கேட்டபோதெல்லாம் வரிசையைச் சரியாகச் சொன்னாள். கணக்கு சிஸ்டர் மூன்று முறையும் அடுக்கி முடித்தாள். கடைசியாக எடுத்துத் திருப்பினாள், ஹார்ட்டின் ராணி.

"இதுதானே?"

"இதுதான். ஆனா நீங்க பதினொன்னு எண்ணுனீங்க."

"நான் எங்க எண்ணுனேன்?"

"எண்ணுனீங்க, கேட்டுச்சு. மறுபடி செய்ங்க."

மாஸ்க் உதட்டைத்தான் மறைத்தது, சத்தத்தை மறைக்கவில்லை. இரண்டாவது முறை செய்யும்போது நாலாம் கட்டில் சேர்ந்துகொண்டது, அப்புறம் ஏழாம் கட்டில். "பதினொன்னு!" என்று வார்டே கூரை அதிரக் கத்தியது. ஒரே சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் தள்ளுவண்டியில் இருந்த கட்டுப் போடும் தட்டு குழந்தையின் கண்ணில் பட்டது. அவ்வளவுதான், பழையபடி வீறிட்டாள்.

"விட்டுடுங்க சிஸ்டர்" என்றாள் அம்மா. "வேற யாராச்சும் வரட்டும்."

வேறு யாரோ வந்து கட்டு மாற்றினார்கள். கணக்கு சிஸ்டர் சிஸ்டர்களின் அறையில் உட்கார்ந்து, குழந்தைகள் கை பட்ட சீட்டுகளை ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தாள். துடைக்கும்போதும் வாய் எண்ணிக்கொண்டேதான் இருந்தது. அழுகை வந்தது. அதைவிட அந்த வாயின் மேல் ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

கடைசி நாள், மேட்ரன் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். கட்டு மாற்ற வேறு ஆள் இல்லாததால் மூன்றாம் கட்டிலுக்குக் கணக்கு சிஸ்டரே போக வேண்டியதாயிற்று. வித்தை காட்டும் ஆசையெல்லாம் விட்டுப்போயிருந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு, எப்படியாவது முடித்துவிட்டுப் போவோம் என்று உட்கார்ந்தாள்.

"சீட்டு எங்க?" என்றாள் குழந்தை.

"பையிலதான் இருக்கு. இனிமே எதுக்கு? உனக்குத்தான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே."

"நான் செய்றேன். நீங்க நினைங்க."

குழந்தையின் அம்மா சிஸ்டரின் பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தாள். சாப்பாட்டுப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை மூன்று வரிசையாகப் போட்டாள். கணக்கு சிஸ்டர் ஒரு சீட்டை நினைத்துக்கொண்டாள். கையுறைக் கையால் காட்டக் கூடாது, அதனால் தாடையால் காட்டினாள். "நடு வரிசை." பிறகு உப்புத்தண்ணீரை ஊற்றி, ஒட்டியிருந்த பழைய துணியை நனைத்தாள்.

"ஆ... எரியுது!" என்று குழந்தை காலை இழுத்தாள். உடனே, "இருங்க, கலைஞ்சிடும். இப்ப எந்த வரிசை?"

"இடது பக்கம்."

"ஆட்டாதீங்க என் காலை. சீட்டு விழுது."

"நான் ஆட்டல, நீதான் ஆட்டுற."

துணி முழுசாகக் கழன்று வந்தது. கணக்கு சிஸ்டர் குனிந்து பார்த்தாள். ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்திருந்தது. சீழ் இல்லை, வாடை இல்லை. எத்தனையோ உடம்பைத் திறந்தும் மூடியும் பார்த்தவள்தான். ஆனால் தையல் போட்டதோடு அவர்கள் வேறு வார்டுக்குப் போய்விடுவார்கள். ஒரு புண் நாளுக்கு நாள் ஆறிவருவதை அவள் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. மூன்றாவது முறை வரிசை கேட்டபோது பாதி நினைவில்தான் ஏதோ சொன்னாள். மருந்து தடவினாள், புதுத் துணி வைத்தாள், சுற்றினாள், பிளாஸ்திரி ஒட்டினாள்.

குழந்தை உதட்டை இறுக மூடிக்கொண்டு, சத்தமே இல்லாமல் எண்ணி, ஒரு சீட்டைத் திருப்பினாள்.

"கிளாவர் ஒன்பது! இதுதானே?"

கணக்கு சிஸ்டர் அதைப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. கிளாவரா? இருக்கலாம். இஸ்பேடா? அதுவும் இருக்கலாம். ஆம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் நிச்சயமில்லாததைச் சரி என்று சொல்ல அந்த வாய்க்குத் தெரியாது.

"மறந்துபோச்சு கண்ணு" என்றாள்.

"மறந்துட்டீங்களா?" குழந்தைக்கு முகம் சிவந்துவிட்டது. "அவ்வளவு கஷ்டப்பட்டு எண்ணினேன்! ஒரே ஒரு சீட்டு! அதைக்கூட ஞாபகம் வச்சுக்க முடியாதா?"

"கட்டு போட்டுட்டு இருந்தேன்ல?"

அப்போதுதான் குழந்தை தன் காலைப் பார்த்தாள். வெள்ளைவெளேரென்று கட்டு முடிந்திருந்தது. அதைப் பற்றி அவளுக்கு அக்கறையே இல்லை.

வாசலில் மேட்ரன் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கையில் மாற்றல் காகிதம். "இந்த வார்டா, ஸ்டோரா, என்ன முடிவு பண்ணலாம் சிஸ்டர்?" என்று கேட்டாள்.

கணக்கு சிஸ்டர் வாயைத் திறப்பதற்குள் குழந்தை முந்திக்கொண்டாள். சிஸ்டரின் பக்கம் விரலை நீட்டி, வாத்தியார் திட்டுவதுபோலச் சொன்னாள்:

"நாளைக்குக் கட்டு மாத்த வரும்போது நினைக்கிற சீட்டை ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டு வாங்க. வேற யாரையும் அனுப்பாதீங்க. நீங்கதான் வரணும்."