இறகு தேய்ந்த அம்பு

அது நடந்த வருஷம் ஐம்பத்தொன்றா ஐம்பத்திரண்டா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. திருவொற்றியூர் மாசித் திருவிழா என்பதில் இல்லை. அம்பெய்யும் கடையில் ஒரு மீன்காரம்மாள் பரிசுக் குடத்துக்காக எய்துகொண்டிருந்தார். அகன்ற தோள். எதைத் தொட்டாலும் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். மூன்று அம்பும் கோணிக்கொண்டு போயின.

“கை நடுங்குது ஆயா,” என்று சிரித்தான் கடைக்காரன்.

அவர் அம்பின் வாலைத் தடவினார். வில்லில் உரசி உரசி ஒரு பக்கத்து இறகு தண்டுவரை தேய்ந்திருந்தது. அவன் எய்து காட்டும் அம்பிலோ இறகு புத்தம் புதிது. எனக்கு ரத்தம் கொதித்தது.

“இன்னா நைனா, மொட்டை அம்பைக் குடுத்துட்டு என் கையைச் சொல்றே? அழுகுன மீனைப் புதுசுன்னு நான் வித்தா சும்மா வுடுவியா?”

கூட்டம் சேர்ந்தது. அவன் பயந்து குடத்தையே நீட்டினான்.

“பிச்சையா கேட்டேன்? உன் அம்பைக் குடு.”

வாங்கி எய்தார். நேராகப் போய், குறிக்கு ஒரு விரல் மேலே தைத்தது.

“இது என் தப்பு,” என்று சிரித்தபடி வெறுங்கையோடு போய்விட்டார்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். குடம் அங்கேயே தொங்கியது. மொட்டை அம்புகளும் அங்கேயே இருந்தன. அவர் கோபம் அன்றே தீர்ந்தது. எனக்கு இன்னும் தீரவில்லை.