பிரேக் பிடிக்காத பஸ்ஸும் பேராதரவும்

போன ஞாயிற்றுக்கிழமை பொகவந்தலாவை பஸ் ஸ்டாண்டில் ஒரு கூட்டம். சாமான் வாங்க வந்த நானும் நின்று கேட்டேன். பேசியவர் பஸ் தொழிலாளர் சங்கக் கிளைச் செயலாளர் செல்லமுத்து. ஹட்டன் பஸ்ஸில் நமக்கெல்லாம் டிக்கெட் கொடுக்கும் அதே கண்டக்டர்தான்! பஸ்ஸில் "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்பதைத் தவிர அவர் வேறு பேசி நான் கேட்டதில்லை. பெட்டி மேல் ஏறி நின்றால்... அடேயப்பா!

"எமது நியாயமான கோரிக்கைகளுக்குப் பொதுமக்கள் பேராதரவு நல்கிட வேண்டும்!"

பொதுமக்கள் கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பார்வதி, அரிசிப் பையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் தம்பி, மழையில புள்ளையத் தூக்கிக்கிட்டு கை காட்டுறோம். எங்க ஏத்தத்துல ஒரு நாளாச்சும் பஸ்ஸ நிப்பாட்டியிருக்கீங்களா? இப்ப உங்களுக்காக நாங்க நிக்கணுமாக்கும்?"

ஒரே சிரிப்பு. செல்லமுத்துவின் செந்தமிழ் ஓடியே போய்விட்டது.

"அக்கா, அந்த ஏத்தத்துல நிப்பாட்டுனா வண்டி பின்னால உருளுது. பிரேக் புடிக்கல. மாத்தச் சொல்லி மாசக்கணக்கா கத்துறோம். அதுக்குத்தான் நாளையிலருந்து வண்டி எடுக்க மாட்டோம்னு சொல்றோம்."

கடலை கொறிப்பது நின்றது.

"அட, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? உங்க சம்பளத்துக்குன்னுல்ல நெனச்சோம்!" என்றார் பார்வதி.

அதுதானே? சங்கங்களுக்கு நம் ஆதரவு வேண்டும். ஆனால் தங்கள் கஷ்டத்தில் நம் கஷ்டமும் இருக்கிறது என்று சொல்வதற்கு மட்டும் ஏனோ கூச்சம்!

மறுநாள் காலை பஸ் டிப்போ அதிகாரி ஒருவர் வேறு டிரைவரோடு வந்து இறங்கினார். எல்லாரையும் பிரேக் பிடிக்காத அதே பஸ்ஸில் ஏறச் சொன்னார். யாரும் ஏறவில்லை. காய்ச்சல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்திருந்த பார்வதி கூட ஏறவில்லை!

"யார் உங்களைத் தூண்டிவிட்டது?" அதிகாரி சிங்களத்தில் சத்தம் போட்டார்.

"எங்க உசிருதாங்க, மாத்தயா" என்றார் பார்வதி.

அதற்குள் செல்லமுத்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஹட்டன் பக்கம் போன லொறி ஒன்றைக் கையை விரித்து மறித்து, தாயையும் பிள்ளையையும் ஏற்றிவிட்டார். திரும்பி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. கேட்டால், லொறிப் புகையாம்!

இரண்டு நாளில் மெக்கானிக் வந்தார். பிரேக் மாறியது. பஸ் ஓடுகிறது. பிள்ளைக்கும் காய்ச்சல் விட்டுவிட்டது.

அடுத்த கூட்டத்துக்கு ஹட்டனிலிருந்து லவுட்ஸ்பீக்கர் வருகிறதாம். வரட்டும்... கூடவே ஜனங்கள் சொல்வதைக் கேட்க நல்ல காது இரண்டும் வந்தால் தேவலை!