தோவாளையிலிருந்து ஒரு மெதுவான கம்ப்யூட்டர்

“வியாகுலம்மாள், க/பெ. அல்போன்ஸ். வயது 46. தொழில்: இல்லத்தரசி. வருமானம்: இல்லை. கணவரைச் சார்ந்து வாழ்பவர்.”

2006-இல் கடற்கரைக் குடும்பங்களைக் கணக்கெடுக்க வந்தவர்கள் எழுதிக்கொண்டு போன விவரம் இது. அவர்கள் எழுதும்போது வியாகுலம்மாள் வீட்டில் இல்லை. முட்டம் கரையில் ஏலம் எடுத்த மீனை அலுமினியச் சருவத்தில் சுமந்துகொண்டு இரணியல் பக்கம் தெருத்தெருவாக விற்கப் போயிருந்தார். வீட்டில் இருந்தவர் அல்போன்ஸ். மூன்று வருடங்களாக அவர்தான் வீட்டிலேயே இருந்தார். இல்லத்தில் இருப்பவரே இல்லத்தரசி என்றால் அந்த இடத்தில் அவர் பெயரைத்தான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் அரசாங்கம் அப்படியெல்லாம் நேராக யோசிப்பதில்லை.

அல்போன்ஸ் வள்ளம் ஓட்டியவர். முட்டத்துப் பாறைகளுக்கு நடுவே, அலை எழும்பும் நேரத்தில் வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவர இவரை விட்டால் ஆளில்லை என்று சொல்வார்கள். 2003-இல் பக்கவாதம் வந்து வலது கையையும் காலையும் பிடித்தது. பேச்சும் குழறியது. கையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், எதைச் செய்தாவது அசைக்க வேண்டும் என்று நாகர்கோவில் டாக்டர் சொன்னார். ரப்பர் பந்து ஒன்றும் கொடுத்தார். அல்போன்ஸ் அந்தப் பந்தை ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு முற்றத்தில் எறிந்தார். அதுவும் ஒருவிதப் பயிற்சிதான். ஆனால் எறிந்தது இடது கை.

கை அசைந்தது வேறொரு வழியில். அவருடைய தம்பி ஆன்ட்ரூஸ் குவைத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். அங்கே வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றை முன்பொரு விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து போட்டிருந்தான். அதில் ஒரு விளையாட்டு உண்டு. சின்னப் படகு ஒன்று கீழிருந்து மேலே போகும். வரிசை வரிசையாகப் பாறைகள் எதிரே வரும். இரண்டு பட்டன்கள்: ஒன்று இடம், ஒன்று வலம். அவ்வளவுதான். வியாகுலம்மாள் மீன் விற்றுவிட்டு வந்ததும் கணவருடைய வலது கையைத் தூக்கி, இரண்டு விரல்களை அந்தப் பட்டன்கள் மேல் வைத்துவிடுவார். முதலில் முதல் வரிசையிலேயே இடித்தது. ஒரு வருடம் போனபோது அல்போன்ஸ் ஏழாவது வரிசையைத் தாண்டினார். கூட வள்ளத்தில் போனவர்கள் வந்து நின்று பார்த்தார்கள். தான் எவ்வளவு தேறியிருக்கிறோம் என்பதை அவர் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. பாறைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

கடற்கரையில் இரும்பு நிலைக்காது. ஒரு மழைக்காலத்தில் கம்ப்யூட்டர் உப்புக்காற்றுக்குப் பலியானது. உள்ளே துரு. பழைய இரும்பு எடுக்கும் ஆக்கர் கடைக்காரன் வந்து தூக்கிக்கொண்டு போனான். அப்போது மகள் ஜின்சி கம்ப்யூட்டர் பட்டப்படிப்பில் சேர்ந்திருந்ததால், ஆன்ட்ரூஸ் சித்தப்பா பணம் அனுப்பி, வீட்டுக்குப் புதிது ஒன்று வந்தது. ஜின்சி பழைய பிளாப்பியிலிருந்து அந்த விளையாட்டையும் அதில் ஏற்றினாள். வியாகுலம்மாள் வழக்கம்போல விரல்களை எடுத்து வைத்தார்.

படகு கிளம்பியது தெரியவில்லை. இடித்தது மட்டும் தெரிந்தது. மறுபடியும் கிளப்பினார்கள், மறுபடியும் இடித்தது. கண்ணை இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துபோனது. அல்போன்ஸ் நான்கைந்து முறை பார்த்தார். பிறகு இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“இன்னொரு தடவ வந்துட்டு,” என்றார்.

“என்னது வந்துட்டு?”

“வாதம். உள்ளுக்குள்ள. எனக்க தல ஓட மாட்டேங்குது.”

ஜின்சி படித்ததையெல்லாம் சொன்னாள். “அப்பா, அந்த வெளாட்ட எழுதுனவன் மணி பாத்து ஓட்டல்ல. மிஷின் எவ்வளவு வேகமா ஓடுமோ அவ்வளவு வேகமா படகும் ஓடும். இது புது மிஷின். நூறு மடங்கு வேகம். ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல.”

அல்போன்ஸ் யோசித்தார். அவர் யோசித்த விதத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. “பாட்டு போடு,” என்றார். ஜின்சி மாதா பாட்டு ஒன்று போட்டாள். அது எப்போதும் பாடும் வேகத்திலேயே பாடியது. “அந்த மூலையில மணி ஓடுதுல்லா, அது செரியா இருக்கா?” சரியாக இருந்தது. “எல்லாம் செரியா ஓடுது. இது மட்டும் வேகம். கேக்கவன் கேணையன்னா வச்சிருக்கிய?”

நோயாளி இருக்கும் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் எல்லாரும் ‘இப்ப எவ்வளவோ தேவல’ என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள். மூன்று வருடங்களாக அதைக் கேட்டுவந்தவரிடம் உண்மையாகவே ‘ஒண்ணும் இல்ல’ என்று சொல்ல வேண்டிவந்தபோது, அந்தச் சொல்லில் மதிப்பு மிச்சமில்லை. வியாகுலம்மாள் சொன்னாலும் எடுபடவில்லை. நேற்றுப் பிடித்த மீனை இன்று விடியக்காலம் பிடித்ததென்று அந்தோணியார் மேல் சத்தியம் செய்து விற்கிறவர் அவர். அந்தச் சத்தியங்களை அல்போன்ஸ் நன்றாக அறிவார். கல்யாணமான புதிதில் அவற்றைக் கேட்டுச் சிரித்தவரும் அவர்தான்.

வள்ளங்களுக்கு எஞ்சின் பழுது பார்க்கும் நேசையன் வந்தார். அவர் வாயிலிருந்து வந்தது கடற்கரையில் யாரும் மறுக்க முடியாத காரணம்.

“புது எஞ்சின்லா! இறக்கின ஒடனே கடலுக்குக் கொண்டு போவியளா? டிரம்முல தண்ணி விட்டு, அதுல முக்கி வச்சு, சும்மா ஓட விடணும். ஓடி ஓடி அது தணியும். மிஷின்னா எல்லாம் மிஷின்தான்.”

“மாமா, இது மண்ணெண்ணெயிலயா ஓடுது?” என்றாள் ஜின்சி.

“நீ படிச்ச புள்ள. மிண்டாம இரி மக்கா.”

அல்போன்ஸ் முகத்தில் முதன்முறையாக ஒரு வெளிச்சம் தெரிந்ததால் ஜின்சி பேசாமல் இருந்தாள். ஒரு வாரம் அந்தக் கம்ப்யூட்டரை அணைக்காமல் ஓட விட்டார்கள். சூடாகக் கூடாதென்று வீட்டில் இருந்த ஒரே ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தார்கள். மனிதர்கள் வியர்த்தார்கள். வாரக் கடைசியில் நேசையன் முன்னிலையில் விளையாட்டைக் கிளப்பினார்கள். படகு முன்னைப் போலவே பாய்ந்து இடித்தது.

இதனால் விளைந்தது நன்மையல்ல. எஞ்சின் தணிந்த பிறகும் இடிக்கிறதென்றால் பழுது எஞ்சினில் இல்லை என்று அல்போன்ஸ் முடிவுகட்டினார். ஜின்சி கல்லூரியில் கேட்டு, வேகத்தைக் குறைக்கும் ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். படகு விக்கல் எடுத்தவனைப் போல நின்று நின்று பாய்ந்தது. அதை அவர் பார்க்கக்கூட இல்லை. பயிற்சியை நிறுத்தினார். மாதாமாதம் போகும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றார். முடிஞ்சுபோனதக் கொண்டு எதுக்குக் காட்டணும் என்பது அவர் கேள்வி. சாப்பாடு பாதியாகக் குறைந்தது. வியாகுலம்மாளுக்குப் பயம் வந்தது. அவருக்கு வியாதியைப் பற்றி அதிகம் தெரியாது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கும் மனிதனைப் பற்றித் தெரியும்.

“பழைய சாமானம் மாதிரி ஒண்ணு கெடச்சா காட்டிரலாம்லா?” என்று மகளிடம் கேட்டார்.

“அத இப்ப யாரும்மா வச்சிருப்பா?”

வியாகுலம்மாள் ஒரு இடத்தில் பார்த்திருந்தார். கோயில் திருவிழாவுக்குப் பூ வாங்க வருடம்தோறும் தோவாளைக்குப் போகும் பெண்களில் அவரும் ஒருத்தி. அங்கே தெய்வநாயகம் பிள்ளையின் பூக்கடை மூலையில் அதே வடிவில் ஒரு பெட்டி, மேலே வாழைநார்க் கட்டுகளைச் சுமந்துகொண்டு இருந்தது. அடுத்த நாள் மீன் எடுக்கவில்லை. சருவத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

தெய்வநாயகம் நல்லெண்ணத்தோடு எச்சரித்தார். “அது வேண்டாம் பாத்துக்கோ. எம் மவன் அனில் படிக்கச்சில வாங்கினது. ஒரு கணக்கப் போட்டா, அது சொல்லி முடிக்கதுக்குள்ள மால கட்டி முடிச்சிரலாம். அவ்வளவு மெதுவு.”

“எனக்கு மெதுவாத்தான் வேணும் பாட்டா.”

“மெதுவாவா?” கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “இந்த ஊருல எவனும் மெதுவான சாமானத்தத் தேடி வந்ததில்ல. சவத்த எடுத்துட்டுப் போ. எனக்கும் எடம் ஒழியும். ஆனா ஒண்ணு, மீன் சட்டியிலயா கொண்டு போகப் போற?”

“புளி போட்டுக் கழுவினது.”

“புளி போட்டா மீன் கொழம்புல்லா ஆவும்!” என்று சைவப்பிள்ளை சொன்னதற்குக் கடையே சிரித்தது. வியாகுலம்மாளும் சிரித்தார். பெட்டியைச் சருவத்தில் வைத்து மூடிக் கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது சிரிப்பு போய்விட்டது. திரையும் சேர்த்துத் தலையில் கனத்தது.

பஸ் கண்டக்டர் சருவத்தைப் பார்த்ததும் கையை நீட்டி மறித்தார். “ஏ, மீனு ஏறாது. பின்னால வாற வண்டியில வா.”

வியாகுலம்மாள் துணியை விலக்கிக் காட்டினார். கண்டக்டர் குனிந்து பார்த்தார். “இதுக்கு மீனே தேவல,” என்று சொல்லி ஏற்றிக்கொண்டார்.

ஜின்சி மறுநாள் எல்லாவற்றையும் துடைத்து, பொருத்தி, விளையாட்டை ஏற்றினாள். அல்போன்ஸை வற்புறுத்தி உட்கார வைத்தார்கள். படகு பழைய நடையில் கிளம்பியது. வியாகுலம்மாள் பெருமூச்சு விட்டார். முதல் வரிசை தாண்டியது. இரண்டாவதும் தாண்டியது. மூன்றாவதில் இடித்தது. மறுபடி, மூன்றாவது. மறுபடி, இரண்டாவது. விரல் போக வேண்டிய நேரத்துக்குப் பிறகே போனது. ஜின்சி வாங்கி ஓட்டிக் காட்டினாள். அவளுக்கு ஒன்பது வரிசை போனது.

“பாத்தியாட்டி,” என்றார் அல்போன்ஸ். கோபமில்லை. எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

புதிய இயந்திரம் வேகமானதென்று மகள் சொன்னது உண்மை. தான் மெதுவாகிவிட்டதாக அப்பா சொன்னதும் உண்மை. ஒன்று உண்மையானால் மற்றது பொய்யாக இருக்க வேண்டும் என்று அந்த வீட்டில் எல்லாரும் இத்தனை நாள் நம்பியிருந்தார்கள்.

அடுக்களையில் ஜின்சி குரலைத் தாழ்த்தி அழுதாள். “அம்மா, இது மிஷின் இல்ல. அப்பாதான். டாக்டருட்ட ஒடனே காட்டணும்.”

“வரமாட்டேங்காருல்லா. தூக்கிட்டா போவ?” வியாகுலம்மாள் அடுப்பை அணைத்தார். பிறகு கேட்டார். “ஏட்டி, அந்தப் பெட்டிய இதுக்க மேல மெதுவா ஓட்ட முடியுமா?”

முடியும். பெட்டியின் முகப்பில் ஒரு பொத்தான் இருந்தது. அதன் பக்கத்தில் டர்போ என்று எழுதியிருந்தது. வேகம் என்று பெயர் வைத்த அந்தப் பொத்தானை அமுக்கினால் அந்தக் காலத்து இயந்திரங்கள் வேகம் குறையும். பழைய விளையாட்டுகளுக்காகவே வைத்தது. ஜின்சி சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“அது அப்பாவ ஏமாத்துறதுல்லாம்மா?”

“பின்ன? உண்மையச் சொல்லிப் பாத்தாச்சே. எங்க வாறாரு?”

அடுத்த நாள் காலையில், இன்னும் ஒரே தடவை என்று கெஞ்சி அல்போன்ஸை மறுபடி உட்கார வைத்தார். விரல்களைப் பட்டன்கள் மேல் வைத்தார். சேலைத் தலைப்பால் பெட்டியின் தூசியைத் துடைப்பதுபோல் கை முகப்புக்குப் போனது. மூன்றாவது வரிசை தாண்டியது. ஐந்தாவது, ஏழாவது. எட்டாவதும் தாண்டியபோது அல்போன்ஸின் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது.

“இன்னைக்குக் கடல் அமந்து கெடக்குட்டி.”

“கெடக்கட்டும்.”

“எனக்கு ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லல்லா? நான் சொன்னா நம்ப மாட்டிய. அத அந்த டாக்டருட்ட வந்து சொல்லுங்க.”

“சொல்லுவேன். எனக்கு என்ன பயமா?”

நோய் முற்றிவிட்டது என்று நம்பியவரை ஆஸ்பத்திரிக்கு அசைக்க முடியவில்லை. நோயே இல்லை என்று நம்பியதும் வெள்ளைச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார், தலையும் சீவிக்கொண்டார். நாகர்கோவிலில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மூளையில் இன்னொரு சின்ன அடைப்பு, வந்து சில வாரம் ஆகியிருக்கும், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் பெரியதாக வந்திருக்கும் என்று வியாகுலம்மாளை வெளியே அழைத்துச் சொன்னார். மருந்தை மாற்றினார். உள்ளே அல்போன்ஸ், தான் எட்டு வரிசை தாண்டியதை நர்ஸிடம் குழறிக் குழறிச் சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. நல்லது என்று தலையாட்டினாள்.

அந்தக் கை அதன் பிறகு பெரிதாக ஒன்றும் தேறவில்லை. பேச்சு இன்னும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு வருவதில் அவர் முரண்டு பிடிக்கவில்லை. இன்னும் எட்டு வருடம் இருந்தார். அந்தப் பொத்தானைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

கணவரைச் சார்ந்து வாழ்பவர் என்று கணக்கெடுப்பில் எழுதப்பட்ட வியாகுலம்மாள் கணவருக்குத் தெரியாமல் பொத்தானை அமுக்கினார். அன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.